எட்டுக் கிலோ பென் டிரைவும் லூர்துவின் பாட்டும்

சீனாவுக்குப் போய் வந்த சாக்கு வியாபாரி திண்டுக்கல்லில் நான் ஒருவன்தான். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். இங்கிலீஷில் கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவன். விமானம் ஏறிப் போய், சாக்கு தைக்கும் மிஷினை அவர்கள் ஊரிலேயே ஓட்டிப் பார்த்து, பேரம் பேசி வாங்கி வந்தேன். அந்தக் கதையை நம் வணிகர் சங்க மலரில் எழுதியபோது தெருவில் நிறுத்திப் பாராட்டினார்கள். அதில் ஓர் இடத்தில் மட்டும் தப்பாக எழுதிவிட்டேன். அந்தத் தப்பின் பின்னால் மூன்று நாள் அலைந்த கதைதான் இது. இந்த முறை விமானம் இல்லை. எல்லாம் நம் மாவட்டத்து பஸ்தான்.

தப்பு பென் டிரைவ் பற்றியது. சீனாவில் பொருட்காட்சி நடந்த இடத்தில் எந்தக் கடை முன்னால் நின்றாலும் ஒரு பென் டிரைவை இலவசமாகக் கையில் திணித்தார்கள். பளபளவென்று இருக்கும், அதில் கம்பெனி பெயர் இருக்கும். பொழுது சாய்வதற்குள் என் பையில் பதினேழு சேர்ந்துவிட்டன. ‘சவரிமுத்து சாக்குக் கடை, திண்டுக்கல்’ என்று நம் பெயரும் இப்படி மின்னினால் எப்படி இருக்கும் என்று தோன்றியது. செய்து தருகிற கடையைத் தேடிப் போனேன். எத்தனை வேண்டும் என்று கேட்டார்கள். நான் வாழ்நாள் முழுக்க எதையும் எடை போட்டு வாங்கியவன். “எட்டுக் கிலோ” என்றேன். மொழிபெயர்க்க வந்த பெண் கண் மூடிப் போகும்படி சிரித்தது. அதைத்தான் நான் மலரில் ‘சீனாக்காரர்களே வியந்த பேரம்’ என்று எழுதினேன்.

இரண்டு வருடத்துக்கு முன் எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பது வருடம் நிறைந்ததற்கு விருந்து வைத்தேன். தாம்பூலப் பையில் தேங்காய் போடுவார்கள், சில்வர் டப்பா போடுவார்கள். பென் டிரைவ் போட்டது இந்த ஊரில் நான்தான் முதல். அன்றைக்கு என் மனைவி லூர்து மேடையேறிப் பாடினாள். கோயில் பாட்டுக் குழுவில் முன்வரிசையில் நிற்கிறவள் அவள். அன்று பாடியது கோயில் பாட்டு இல்லை. என்னைக் கேலி செய்து அவளே கட்டிய பாட்டு.

ஊருச் சாக்க எல்லாம் தைப்பாரு – தன்
ஓட்டச் சட்டைய மறப்பாரு

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. பாட்டு முடிந்து பந்திக்குப் போனதாக என் ஞாபகம்.

மைக் செட் பாண்டிதான் அந்தப் பாட்டைப் பதிவு செய்தவர். “முதலாளி, என்கிட்ட நல்ல பென் டிரைவ் ஒண்ணு இருக்கு, அதுல ஏத்துறேன்” என்றார். “நம்ம பேரு போட்டது மூட்டையா கிடக்கையில எதுக்குய்யா வெளியாளுது?” என்று என்னுடையதை நானேதான் அவர் மிஷினில் சொருகினேன்.

போன வருடம் லூர்துவின் தொண்டையில் ஒரு கட்டி. எடுத்தே ஆகவேண்டும், குரல் நரம்பை ஒட்டி இருக்கிறது, குரல் போனாலும் போகலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லித்தான் செய்தார். கடவுள் புண்ணியத்தில் ஆள் நன்றாக இருக்கிறாள். சாப்பிடுகிறாள், மாவு அரைக்கிறாள், என்னைத் திட்டுகிறாள். எல்லாம் வெறும் காற்றில். பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தால்தான் திட்டு என்பதே தெரியும். நான் பேசினால் தெருமுனை வரை கேட்கும். எங்கள் வீட்டில் இப்போது என் சத்தம் மட்டும்தான் இருக்கிறது. அது எனக்கே பிடிக்கவில்லை.

அப்போதுதான் அந்தப் பாட்டு ஞாபகம் வந்தது. விருந்துக்கு வந்தவர்கள் போனில் எடுத்ததில் ஒன்றில் யாரோ ஒருவர் மண்டை, இன்னொன்றில் மைக் ஊளை. கோயில் பதிவில் நாற்பது குரலுக்குள் இவள் குரல். தனியாக இருப்பது பாண்டி எடுத்தது ஒன்றுதான். பீரோவிலிருந்து எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டால், உள்ளே ஒன்றும் இல்லை, புதிதாகத் துடைத்துக் கொள்ளவா என்று கேட்கிறது.

பாண்டியிடம் கொண்டு போனேன். அவர் கத்தி முனையால் நெம்பி மேல் தகட்டைக் கழற்றினார். உள்ளே மிளகளவுக்கு ஒரு கறுப்புத் துண்டு. மிச்சமெல்லாம் பசை.

“வெளிய முப்பத்திரண்டு ஜி.பி.ன்னு எழுதியிருக்கான். உள்ள நாலு கூட இல்ல முதலாளி. அதுவும் கழிச்சுப் போட்ட சரக்கு. நாலு தடவ சொருகுனா அஞ்சாவது தடவ செத்துப்போகும்.”

அம்பது கிலோ என்று அச்சடித்துப் பத்துக் கிலோ பிடிக்கிற சாக்கை நான் விற்றிருந்தால் என்னை மார்க்கெட்டில் உரித்திருப்பார்கள். ஒரு சாக்கு முதலில் அரிசி சுமக்கும், பிறகு வெங்காயம் சுமக்கும், கிழிந்தால் ஒட்டுப் போட்டுக் கரி சுமக்கும், அதுவும் முடியாவிட்டால் வாசலில் மிதியடியாகக் கிடக்கும். செத்த சாக்கை நான் பார்த்ததில்லை. பிறக்கும்போதே செத்த பொருளை என் பெயர் போட்டு, தேங்காயோடு சேர்த்து வீட்டுக்கு வீடு கொடுத்திருக்கிறேன்.

“அன்னைக்கே மூணு பேரு காப்பி கேட்டாங்க முதலாளி. போட்டுக் குடுத்தேன்” என்றார் பாண்டி. “ஆனா எல்லாம் உங்க பென் டிரைவ்லதான்.”

மூன்று பேர்: அய்யலூர் காதர் பாய், ஒட்டன்சத்திரம் செல்லமுத்து, பாலசமுத்திரத்தில் லூர்துவின் தங்கை ஆரோக்கியம். போனில் கேட்டால் பார்த்துச் சொல்கிறேன் என்பார்கள். நேரில் போய் நின்றால்தான் பீரோ திறக்கும்.

முதல் நாள் அய்யலூர், ஆட்டுச் சந்தை நாள். எனக்குக் கார் இரண்டு. ஒன்று மகனிடம், மற்றொன்று ஒர்க்‌ஷாப்பில். அதனால் பஸ். சீனாவில் ரயில் பறக்கும்போது டம்ளரில் தண்ணீர் அசையாது என்று எழுதியிருந்தேன். இங்கே என் வயிற்றில் இருந்த காபி வரை அசைந்தது. வடமதுரை தாண்டியதும் டயர் வெடித்து எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். அந்த பஸ்ஸிலும் டிரைவர் தலைக்கு மேல் பாட்டுப் பெட்டியில் ஒரு பென் டிரைவ், ஆடாமல் இருக்க ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தது. “எத்தனை வருசமா ஓடுது?” என்று கேட்டேன். “இது காசு குடுத்து வாங்குனது பெரியவரே. ஓசில வந்ததெல்லாம் எப்பவோ சன்னல் வழியாப் போயிருச்சு” என்றார் கண்டக்டர். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சந்தை முக்கால்வாசி கலைந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தேன். காதர் பாய்க்கும் எனக்கும் முப்பது வருடப் பழக்கம். தீவன மூட்டைக்குச் சாக்கு என்னிடம்தான் எடுப்பார். முதலில் சாப்பிட வைத்தார். சந்தையோரக் கடையில் எனக்கு இட்லியும் ரத்தப் பொரியலும், அவருக்கு டீ மட்டும். சீனாவில் பத்து நாள் உப்பில்லாத நூடுல்ஸ் தின்ற நாக்கு இது. இந்தப் பொரியலுக்காகவே ஒரு டயர் வெடிக்கலாம்.

விஷயத்தைச் சொன்னேன். காதர் பாய் தலையைச் சொறிந்தார்.

“அண்ணி பாட்ட வேன்ல போட்டேண்ணே. ஒரே ஒரு தடவ பாடுச்சு. மறுநாள் போட்டா கர்ருன்னு ஒரு சத்தம், அம்புட்டுத்தான். தூக்கிப் போட மனசு வரல. உங்க பேரு எழுதியிருக்குல்ல.”

“அப்ப எங்க இருக்கு?”

“கடா கழுத்துல கட்டிவிட்டேன்.”

“கடா கழுத்துலயா?”

“நம்ம கடான்னு அடையாளம் வேணாமா? பளபளன்னு நல்லா எடுப்பா இருந்துச்சு. அத வாங்குனவரு கழட்ட வேணாம்னுட்டாரு. போன பக்ரீத்துக்கே போயிருச்சுண்ணே.”

பக்கத்தில் நின்ற ஒருவர், “அதான் அந்தக் கடா சவரிமுத்து சவரிமுத்துன்னு கத்துச்சா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். காதர் பாய் மட்டும் சிரிக்கவில்லை. பஸ் ஏற்றிவிட வந்தவர், “அண்ணிக்குக் குரல் திரும்பாதாண்ணே?” என்று கேட்டார். திரும்பாது என்றேன். பஸ் நகரும்வரை என் கையை விடவில்லை.

இரண்டாம் நாள் ஒட்டன்சத்திரம். அங்கே காய்கறி மார்க்கெட்டில் என் சாக்கு இல்லாத மண்டி ஒன்றைக் காட்டினால் என் மீசையை எடுக்கிறேன். செல்லமுத்து முருங்கைக்காய்க் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

“வாங்கண்ணா, வாங்க. ஏனுங்க, சொல்லியிருந்தா வண்டி அனுப்பியிருப்பனுங்களே.”

இளநீர் வந்தது, டீ வந்தது, வாழைப்பழம் வந்தது. அந்தப் பக்கத்து மரியாதையில் காரியம் பேச ஒரு மணி நேரம் ஆகும். கேட்டதும் அவர் முகம் சுருங்கியது.

“அந்தப் பென் டிரைவுங்களா? நம்ம லாரி ராசு பாட்டுப் போடக் கேட்டானுங்க. குடுத்துட்டனுங்க. கேரளாவுக்கு லோடு ஏத்திப் போயிருக்கான். நாளைக்குத் திரும்பிருவானுங்க.”

“அது இன்னும் பாடுதாமா?”

“தெரியலீங்களேண்ணா. போன் போட்டா வண்டி ஓட்டுறப்ப எடுக்கமாட்டானுங்க. அந்த விசயத்துல அவன் தங்கமான பையன்.”

நாளை வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். வீட்டில் லூர்து கையைப் பிடித்து இழுத்துக் காதருகே வந்தாள். இரண்டு நாளாகச் சாக்கு வியாபாரம் என்று நான் சொன்ன பொய்யைப் பாண்டியின் சம்சாரம் போனில் உடைத்துவிட்டது.

“போன குரலுக்கு இம்புட்டு அலைச்சலா?” என்றாள். “நாளைக்கு நானும் வாரேன். தங்கச்சியப் பார்த்து நாளாச்சு.”

மூன்றாம் நாள் இருவருமாகப் பழனி போய், அங்கிருந்து பாலசமுத்திரம். பஸ்ஸில் அவளுக்கு ஆயக்குடிக் கொய்யா வாங்கிக் கொடுத்தேன். விதை தொண்டையில் மாட்டும் என்று பயந்து நடுவைத் தோண்டித் தோண்டிக் கொடுத்தேன். முன் சீட்டில் ஒரு பெண் தன் தோழியிடம், “பாரு, இந்த வயசுல ஊட்டி விடுறாரு. எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கே” என்று சொன்னது எங்கள் இருவருக்கும் கேட்டது. லூர்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

ஆரோக்கியம் தென்னந்தோப்புக்குள் இருக்கிற வீட்டில் அரிசிம்பருப்பு சாதம் ஆக்கி, நெய்யை ஊற்றி வைத்திருந்தது. அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போய் அதன் பேச்சிலும் ‘ங்க’ ஏறிவிட்டது.

“எங்கிட்ட பத்திரமா இருக்குதுங்க மச்சான். அக்கா பாட்டாச்சே. ஒரு தடவகூட வெளிய எடுக்கலைங்க.”

பீரோவைத் திறந்தது. பட்டுப் புடவைகளுக்கு அடியில், மாதா படத்துக்குப் பின்னால், பிளாஸ்டிக் கவருக்குள் துணி சுற்றி, துணிக்குள் பென் டிரைவ். தாம்பூலப் பையில் இருந்து எடுத்த மாதிரியே மின்னியது. எனக்கு உயிர் வந்தது. கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். டி.வி.யில் சொருகினோம். டி.வி. ரொம்ப நேரம் யோசித்தது. பிறகு, எதுவும் இல்லை என்றது. எடுத்து ஊதிச் சொருகினோம். துடைத்துச் சொருகினோம். எதுவும் இல்லை.

ஆரோக்கியம் அழ ஆரம்பித்துவிட்டது. “நான் தொடவே இல்லைங்களே மச்சான். தொடவே இல்லைங்களே.”

தப்பு உன்னுடையது இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். என் சத்தம் வரவில்லை. மண்ணில் புதைத்து வைத்த சாக்கு கூட ஒரு வருடம் தாங்கும். பட்டுக்குள் வைத்தது தாங்கவில்லை. என் பெயர் மட்டும் பளிச்சென்று இருந்தது. லூர்து தங்கச்சியின் கண்ணைத் துடைத்துவிட்டு, என்னைப் பார்த்து, ‘சாப்பிடுங்க’ என்று கையால் காட்டினாள். சாப்பிட்டேன். நல்ல ருசி என்று இப்போது எழுதுகிறேன். அப்போது தெரியவில்லை.

திரும்பும்போது ஒட்டன்சத்திரத்தில் இறங்கவே எனக்கு மனசில்லை. மூன்றுமே ஒரே மூட்டைச் சரக்கு, நான்காவது மட்டும் எப்படிப் பாடும்? அதற்குள் செல்லமுத்து போன் செய்துவிட்டார். லாரி வந்துவிட்டதாம்.

மார்க்கெட் மைதானத்தில் ராசு காலிக் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும், ஒல்லியான ஆள். நாங்கள் யார் என்று செல்லமுத்து சொல்வதற்குள் ஒரு வெண்டைக்காய் வியாபாரி வந்து அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டார். “சாக்குக்காரர் பாட்டு ஒண்ணு உங்ககிட்ட இருக்காமே?” என்று நானே கேட்டேன்.

“அடடே, உங்களுக்கும் தெரியுங்களா?” என்றார் ராசு. “அந்தப் பென் டிரைவ் ஒரே வாரத்துல கொதிச்சுச் செத்துப்போச்சுங்க. ஆனாப் பாட்டு நல்லா இருக்குதேன்னு மொத நாளே என்னோடதுல ஏத்திட்டனுங்க. வண்டில ஏறுங்க, போடுறேன். ஏனுங்கம்மா, நீங்களும் ஏறுங்க. மெதுவா, மெதுவா.”

லூர்துவைத் தாங்கி ஏற்றினேன். கேபினுக்குள் டீசலும் ஊதுபத்தியும் கலந்த வாசம். இஞ்சினை ஓட்டினால்தான் பாட்டுப் பெட்டி வேலை செய்யும் என்று சாவியைத் திருகினார். அது உறுமியது. அந்த உறுமலுக்கு மேல், தெளிவாக, என் பெண்டாட்டியின் குரல் வந்தது.

ஊருச் சாக்க எல்லாம் தைப்பாரு – தன்
ஓட்டச் சட்டைய மறப்பாரு
சீனா தேசம் போவாரு – ரெண்டு
சீனி வாங்க மறப்பாரு

ராசு ஸ்டியரிங்கில் தாளம் போட்டார். நான் லூர்துவைப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தேன். அடுத்த அடிக்கு அவள் மூச்சு இழுக்கும் சத்தம் வந்தது. உடனே, மைக்கே அதிரும்படி ஒரு ஆண் குரல்: “போதும் லூர்து, உட்காரு. சாப்பாடு ஆறுது.” சனம் சிரித்தது. பாட்டு நின்றது.

“பாத்தீங்ளா, இந்த எடந்தானுங்க” என்றார் ராசு. “எவனோ ஒரு கூறுகெட்ட மனுசன். பொண்டாட்டி இம்புட்டு அழகாப் பாடிட்டு இருக்குது, பாதில நிறுத்துறான் பாருங்க. பாலக்காடு போற வரைக்கும் இவனத் திட்டிட்டே போவனுங்க. கடைசி அடி என்னன்னு நானே ஒண்ணொண்ணாப் போட்டுப் பாப்பேன். ஒண்ணும் சேர மாட்டேங்குது.”

லூர்துவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துப் பதறித் திரும்பினேன். சிரிக்கிறாள். கண்ணில் தண்ணீர் வர, சத்தமே இல்லாமல் சிரிக்கிறாள். ராசுவின் கையைத் தொட்டு, இஞ்சினை நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினாள்.

அவர் நிறுத்தினார். வெளியே யாரோ கத்தரிக்காய் ஏலம் கூவிக்கொண்டிருந்தார்கள். ராசு கண்ணாடியையும் ஏற்றிவிட்டார். லூர்து முன்னால் குனிந்து, அந்தக் காற்றுக் குரலில், ராகம் இல்லாமல், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

எது எதையோ மறப்பாரு – நான்
இருமுனாக்க முழிப்பாரு

ராசுவின் கை ஸ்டியரிங்கிலிருந்து இறங்கியது.

“அம்மா, அது நீங்களா?” என்றார் ராசு. பிறகு மெல்ல என் பக்கம் திரும்பினார். “அப்ப... அந்த...”

“அந்தக் கூறுகெட்ட மனுசன் நான்தான்” என்றேன்.

அவர் எத்தனை மன்னிப்புக் கேட்டார் என்பது எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை. பாட்டை நல்ல பென் டிரைவில் ஏற்றித் தந்தார், என் போனிலும் ஏற்றித் தந்தார். உங்களுடையதையும் அழிக்காதீர்கள், அந்த ஆளைத் தொடர்ந்து திட்டிக்கொண்டே போங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். என் குடோனில் இன்னும் அரை மூட்டை கிடக்கிறது. இரும்பும் இல்லை, பிளாஸ்டிக்கும் இல்லை என்று பழைய இரும்புக் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். உங்கள் வீட்டில் என் பெயர் போட்டது இருந்தால் தயவுசெய்து அதில் எதையும் வைக்காதீர்கள். வைத்திருந்தால் இன்றைக்கே வேறு எதிலாவது மாற்றிக்கொள்ளுங்கள்.

திண்டுக்கல் பஸ்ஸில் ஜன்னல் சீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். மூன்று நாள் அலைச்சல். அசந்து தூங்கிவிட்டேன். பாட்டுச் சத்தம், கண்டக்டர் விசில், ஆட்கள் ஏறி இறங்கியது எதுவும் தெரியவில்லை.

ரெட்டியார்சத்திரம் பக்கத்தில் லூர்து இருமினாள்.

நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டிக்கொண்டிருந்தேன். அவள் வாங்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சும்மாதான் இருமுனேன்” என்றாள்.